பாதி ராவியிருந்த பிளேடு

பிளேடில் ஏற்கெனவே யாரோ அரம் போட்டிருந்தார்கள்.

அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. பழைய இரும்புக்கடையிலிருந்து வந்த சாமான். எத்தனை கை மாறியதோ. ஆனால் அவள் அதை வைஸில் இறுக்கி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியபோது, அரத்தின் கோடுகள் இடது கைக்காரர் போட்டதுபோல் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சின்னதாக, ஒரு கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

அவள் இடது கைக்காரி. அரத்தைத் தள்ளி முடிக்கும்போது அவள் மணிக்கட்டு தானாக ஒரு திருகு திருகிவிடும். பயிற்சிக் கூடத்தில் அதற்காக வாங்காத திட்டில்லை. "ராவச் சொன்னா கையெழுத்துப் போடுறியா?" என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். எவ்வளவோ முயன்றும் அந்தக் குறை போகவில்லை. வேறு யாருடைய வேலையிலும் அவள் அந்தக் கொக்கியைப் பார்த்ததில்லை.

கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கொக்கிக்குள்ளும் துரு இருந்தது. அதாவது ராவியது நேற்றோ போன மாதமோ இல்லை. பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"என்ன அண்ணி, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அப்படிப் பார்க்கிறீங்க?" கொழுந்தன் வாசலில் குனிந்து நின்றான். ஆள் உயரம் அப்படி. பட்டறைக்குள் குனியாமல் நுழைந்து தகரக் கூரையில் இடித்துக்கொண்ட தழும்பு நெற்றியில் இருக்கிறது. எல்லோருக்கும் அவன் டவர்.

"இதை எங்கே எடுத்த, டவரு?"

"சொன்னேனே, இரும்புக்கடை. அடியில கிடந்துச்சு. இவ்வளவு நீளம் வேற எங்கேயும் கிடைக்காது அண்ணி. என் நெஞ்சு வரைக்கும் வருது."

"உன் நெஞ்சு வரைக்கும்னா ஊர்ல பாதிப் பேருக்குத் தலைக்கு மேல."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு பட்டறை கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது.

செயின்சாவில் செயின் சுற்றி ஓடுகிற அந்த நீளமான இரும்புத் தகட்டுக்குச் சரியான பெயர் வேறு. இந்த வீட்டில் எல்லோருக்கும் அது பிளேடுதான். மெஷின்களை அவள் பார்த்துக்கொள்வாள். மரம் வெட்டுவதும் பலகை அறுப்பதும் அவள் புருஷனும் டவரும். இப்போது ஒரு ஹோட்டல்காரர் ஒட்டுப் போடாத ஒரே பலகையில் மேஜை வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்கேற்ற அடிமரமும் அமைந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் லாரி இறக்கிவிட்டுப் போன அந்த மரத்தின் அகலத்துக்கு அவர்களிடம் இருந்த எந்த பிளேடும் எட்டவில்லை. அதனால்தான் இது.

ஆனால் இது அவர்கள் மெஷினுக்குச் செய்ததில்லை. எந்தக் கம்பெனி முத்திரையும் இதில் இல்லை. மெஷினின் இரண்டு போல்ட்டும் நுழைய அடிப்பக்கத்தில் ஒரு நீளமான வெட்டு இருக்கும். அது குறுகலாக இருந்தது. மெஷினிலிருந்து எண்ணெய் வருகிற இடம் ஒன்று, பிளேடில் எண்ணெய் ஓட்டை இருக்கிற இடம் வேறொன்று. அப்படியே மாட்டினால் எண்ணெய் இறங்காது. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பிளேடு பழுக்கும், செயின் அறும், அறுந்த செயின் யார் மேலே விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

போன வருஷம் இன்னொருவர் மெஷினை இரவல் வாங்கி ஓட்டப்போய் அவள் புருஷன் வலது கை மோதிர விரலின் நுனியை விட்டுவிட்டு வந்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்று, "நகம் வெட்டுற செலவு மிச்சம்" என்றார் மனுஷன். அவள் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து அவர் கைக்குப் போகிற எதுவும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். காலையில் போன மாதிரியே அவர் முழுசாகத் திரும்பி வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆகவே இந்த பிளேடுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் காலையிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வெட்டின் மேல் விளிம்பில் இவ்வளவு, கீழ் விளிம்பில் அவ்வளவு.

மேல் விளிம்பில் அந்த இவ்வளவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள். கீழ் விளிம்பை யாரும் தொடவே இல்லை. எண்ணெய்க்குப் புது ஓட்டை எங்கே போட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாளோ, அந்த இடத்தில், துளை போடுமுன் குறி வைக்கிற சென்டர் பஞ்சால் தட்டிய புள்ளி ஒன்று இருந்தது. துருப்பிடித்த, பழைய புள்ளி.

பாதி வேலையை முடித்துவிட்டு யாரோ சாப்பிட எழுந்துபோன மாதிரி.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது? "ஏங்க, இது என் கை ராவினது, ஆனா நான் ராவல" என்றா? டவர் அதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டுவான். அவள் அரத்தை எடுத்தாள். இரும்பு முதலில் வழுக்கியது, பிறகு பிடித்தது. அரத்தின் கீச்சொலி தகரக் கூரையில் பட்டு, ஒரு நொடி பிந்தி, இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று ராவுவதுபோல் திரும்பி வந்தது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது, ஆனால் உடனே நிறுத்தவில்லை. இரும்புப் பொடியின் வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது, ஈர மரமும் வியர்வையும் கலந்ததுபோல. வேலை முடிந்தபோது மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துருவைத் தவிர ஒரு வித்தியாசமும் இல்லை.

மெஷினில் மாட்டினாள். போல்ட் இரண்டும் சத்தமே இல்லாமல் உள்ளே போயின.

*

மறுநாள் மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. அடிமரத்தைக் கட்டைகள் மேல் ஏற்றி, முதல் வெட்டு கோணாமல் போவதற்காக அதன் மேல் ஓர் ஏணியைப் படுக்கவைத்து ஆணி அடித்திருந்தார்கள். மெஷினை ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தி அந்த ஏணி மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பிளேடு கீழே படுக்கைவாட்டில் மரத்தை அறுத்துக்கொண்டு வரும். தள்ளுவது அவர். அறுத்த இடுக்கு மூடிக்கொள்ளாமல் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு வருவது டவர். மெஷின் அனுப்புகிற எண்ணெய் இவ்வளவு நீள பிளேடின் நுனிவரை போய்ச் சேராது என்பதால், மரத்தின் மறுபக்கம் எண்ணெய்க் குப்பியோடு நடந்து நுனியில் சொட்டு சொட்டாக விடுவது அவள்.

"இன்ஜினியரம்மா, ரெடியா?" என்றார் அவர்.

"முதல்ல காதை மூடுங்க."

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு அது எப்பவோ மூடிக்கிச்சு."

"அப்போ செலவில்லாம போச்சு. கண்ணாடியையும் போடுங்க."

மூவரும் காது மூடியை மாட்டினார்கள். உலகம் பஞ்சுக்குள் போனது. மெஷின் கிளம்பியது அவளுக்குச் சத்தமாகக் கேட்கவில்லை. பாதத்தில் ஒரு நடுக்கமாக ஏறி முழங்காலில் நின்றது. பிளேடு மரத்துக்குள் போனது. மரத்தூள் அருவியாகக் கொட்டியது. அவள் நுனியோடு நடந்தாள், சொட்டு விட்டாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடி சொட்டு விட்டாள். பிளேடு சூடாகவில்லை. எண்ணெய் இறங்கியது. வெட்டு நூல் பிடித்ததுபோல் போனது. இத்தனை வருஷத்தில் அவள் செய்த மிக நல்ல வேலை இதுதான் என்று தோன்றியது. அந்தப் பெருமையில் ஒரு பாதி தன்னுடையதில்லை என்பதும் கூடவே தோன்றியது.

மேல் சிம்பு, பட்டையோடு சேர்ந்த முதல் துண்டு, கழன்று வந்தது. ஏணியோடு அதைப் புரட்டித் தள்ளினார்கள். திறந்த முகம் ஈரமாக, வெளிறிய மஞ்சளாகப் பளபளத்தது. அதில் சில கறைகள்.

ஒரு முனைப் பக்கம் காசு அளவில் ஒன்று. நடுவில் வரிசையாகச் சில. மறு முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு.

"ஆணி," என்றான் டவர் காது மூடியைத் தூக்கி. "எவனோ அடிச்சிருக்கான்."

"ஆணின்னா கறுப்பா ஊறும். இது சிவப்பா இருக்கே," என்றார் அவர். சொல்லும்போதே மூக்கைத் துடைத்தார். புறங்கையில் ரத்தம்.

"ஏங்க, மூக்கு!"

"தூள் பட்டிருக்கும், விடு."

அவர் விரல் முட்டிகளிலும் தோல் உரிந்திருந்தது. எப்போது உரிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நடக்கும்போது கால் கட்டைவிரல்களை ஊன்றாமல் நடந்தார். பூட்ஸ் கடிக்கிறது என்றார்.

மரத்தூளின் வாசனை அவளுக்கு எட்டியது. பச்சை மரத்தின் புளிப்பு வாசனை அல்ல. காலையில் படுக்கையை உதறும்போது அவருடைய தலையணையிலிருந்து வருகிற வாசனை. அவள் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுக் கீழே போட்டாள். போட்ட பிறகும் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த வெட்டு ஒன்றரை அங்குலம். அதுதான் மேஜைப் பலகை. இம்முறை அவள் சொட்டு விடவும் மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். மழை வலுத்தது. கண்ணாடியில் நீர் வழிந்து அவர் முகம் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. பலகையை டவரும் அவருமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்கள். அவள் மட்டும் மரத்தைப் பார்த்தாள்.

பயிற்சிக் கூடத்தில் அவளுக்குப் பிடித்த பாடம் ஒன்றுண்டு. ஒரு பொருளைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று வரைகிற பாடம். வட்டத்தைக் காட்டி, இது குழாயா பந்தா சொல் என்பார்கள். வெட்டு வெட்டாக அடுக்கி முழுப் பொருளை மனதில் எழுப்ப வேண்டும். வகுப்பில் அவளுக்கு அது எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும்.

இப்போதும் தெரிந்துவிட்டது.

காசு அளவில் இருந்த கறை முக்கோணமாக விரிந்திருந்தது. அதற்கு மேலே தீவுபோல் தனியாக இன்னொரு கறை. இரண்டு பக்கமும் இரண்டு தீவு. கீழே சின்னதாக ஒன்று. மூக்கு. நெற்றி. கன்னம். தாடை. நடுவில் இருந்த வரிசை இப்போது ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டு கைகள். மறு முனையில் இருந்தவை பாதத்தின் முன்பகுதிகள்.

மல்லாந்து படுத்திருக்கிற ஒரு ஆள். மேலிருந்து வெட்டு வெட்டாக.

மேலே இருந்த கையில் ஒரு விரல் குட்டையாக இருந்தது. மோதிர விரல்.

அவள் திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில், இரண்டு கன்ன எலும்பிலும், தாடையில், குப்புற விழுந்து ரோட்டில் தேய்ந்ததுபோல் சிவந்திருந்தது.

"வலிக்குதா?"

"எங்கே? ஒண்ணும் தெரியல. கைதான் மெஷின் ஆட்டத்துல மரத்துப்போச்சு." புறங்கையைத் தட்டிக் காட்டினார். "கிள்ளிப் பாரு, ஒண்ணுமே தெரியல."

அவள் கிள்ளவில்லை. அடுத்த ஒன்றரை அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று அவள் மனம் கேட்காமலேயே வரைந்துகொண்டிருந்தது. தீவுகள் சேரும். கண்கள் வரும்.

"போதும். நிறுத்திடலாம்."

"என்ன போதும்? ஹோட்டல்காரர் ரெண்டு மேஜைக்குப் பலகை கேட்டிருக்கார். இது கறை விழுந்துபோச்சு வேற."

"அண்ணி பயந்துட்டாங்கண்ணே," என்றான் டவர். "மழையில நனைஞ்சா ஷாக் அடிக்கும்னு நினைக்கிறாங்க. இது பெட்ரோல் மெஷின் அண்ணி."

"மெஷினைப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா? வாயை மூடுடா." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. டவர் சிரிப்பை விழுங்கினான். அவள் புருஷன் பக்கம் திரும்பி, முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னாள்: "எண்ணெய் ஓட்டை அடைச்சிருக்குங்க. நுனி காய்ஞ்சு ஓடுது. கழட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெஷினை விட்டு விலகி நின்றார். "மெஷின் விஷயத்துல நீ சொன்னா சரி."

இரண்டு நட்டையும் கழற்றினாள். பிளேடு சுலபமாக வரவில்லை. பிளேடின் அடி வெட்டுக்குள் போல்ட்டை எதுவோ கவ்விப் பிடித்திருந்ததுபோல் இருந்தது. காலால் சட்டத்தை உதைத்து உருவினாள். செயினோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

சரிபார்க்க ஒன்றுமில்லை. வைஸில் இறுக்கினாள். கிரைண்டரை எடுத்தாள். அதன் அறுக்கிற வட்டத் தகட்டை பிளேடின் நடுவில் வைத்து அழுத்தினாள். காது மூடியை மறுபடி மாட்டிக்கொண்டதால் சத்தம் தூரத்தில் எங்கோ இருந்தது. தீப்பொறி பறந்து கையில் சுட்டது. அழுத்தினாள். அவர் திட்டட்டும். டவர் வருஷம் முழுக்கக் கேலி செய்யட்டும். அழுத்தினாள். பிளேடு இரண்டாகி, ஒரு பாதி தரையில் விழுந்தது.

கிரைண்டரை அணைத்தாள்.

பாதத்தில் நடுக்கம் நிற்கவில்லை.

கிரைண்டரின் பிளக்கையே பிடுங்கினாள். நடுக்கம் இருந்தது. சிமென்ட் தரை வழியாக, செருப்பு வழியாக, முழங்கால்வரை. இழுக்கிற மெஷினின் நடுக்கம். மரத்துக்குள் பாரம் ஏறி ஓடுகிறபோது மட்டும் வருகிற நடுக்கம். நடுவே விட்டு விட்டு ஒரு தட்டு. ஆப்பு அடிக்கிற தட்டு.

பாதி பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு தாழைத் திறந்தாள்.

மழை. அந்த நேரத்துக்கே அந்தி மாதிரி இருட்டு. மெஷின் அவள் கழற்றி வைத்த இடத்தில், தரையில், சாய்ந்து கிடந்தது. இரண்டு போல்ட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. அது ஓடவில்லை. அதன் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

மரத்தின் ஓரமாகத் தூள் கொட்டிக்கொண்டிருந்தது.

வெட்டு போய்க்கொண்டிருந்தது. பாதம் இருந்த முனையிலிருந்து தொடங்கி, கைகள் இருந்த இடத்தைத் தாண்டி, நூல் பிடித்ததுபோல் நேராக. பின்னால் டவர் குனிந்து ஆப்பு அடித்துக்கொண்டு வந்தான். தலை நிமிரவில்லை. அவனுக்கு முன்னால் அவள் புருஷன். அவளுக்கு முதுகு காட்டி நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ பிடித்து, உடல் எடையைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போனார்.

கையில் ஒன்றும் இல்லை.

கத்தினாள். காது மூடிக்குள் அவள் குரல் அவள் மண்டைக்குள்ளேயே சுற்றியது. காது மூடியைப் பிய்த்து எறிந்தாள். "ஏங்க! விடுங்க! விட்டுடுங்க!" ஓடினாள். சேற்றில் வழுக்கியது. எழுந்தாள். எட்டி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அசையவில்லை. சட்டைக்குள் முதுகு கெட்டியாக இருந்தது. இடித்த விரல் வலித்தது.

வெட்டு மறு முனையைத் தொட்டது.

தூள் நின்றது. நடுக்கம் நின்றது. மழை மட்டும்.

டவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். காது மூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, குனிந்து பலகையின் முனையைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி! வந்து பாருங்க. சுத்தமா வந்திருக்கு. ஒரு கறை இல்ல. அண்ணே, அந்த முனையைப் பிடி, புரட்டலாம்."

அவர் திரும்பினார்.

தலை முதல் பூட்ஸ் வரை முன்பக்கம் ஒரே மட்டம். சட்டை, தோல், சதை எல்லாம் ஒரே நேர்கோட்டில் முடிந்திருந்தன. ரத்தம் இல்லை. மூக்கு இருந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக, நெருக்கமாக, வெளிறிய மஞ்சளில் ரேகைகள் விரிந்து காதுவரை போயின. நெற்றியில் புதிதாக அறுத்த மரத்தில் கசிவதுபோல் துளித் துளியாக நீர் கசிந்தது. கண் இருந்த இடங்களில் மரக்கணுபோல் இரண்டு முடிச்சு.

மட்டமான கைகளை நீட்டி, பலகையின் முனையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு, அவள் வந்து நடுவில் தாங்குவதற்காகக் காத்து நின்றார்.